கழற்ற வேண்டாம், விலையை எடுங்கள்

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, முதல்முறையாகப் பழைய கார் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு, இங்கே பல வருடங்களாக இருக்கிற நம்மவர்கள் சொல்லி அனுப்பும் புத்திமதி ஒன்று உண்டு. “கார் விலையை நல்லாப் பேசு தம்பி. கடைசியில அலாரம் அது இதுன்னு ஆயிரம் டாலர் போடுவான். அதுக்கெல்லாம் மல்லுக்கட்டாதே. ஏற்கெனவே மாட்டியாச்சு, கழற்ற முடியாதும்பான். மாசத்துக்கு இருபது டாலர்தானே, பாதுகாப்புக்கும் நல்லதுதானே.” டீலரிடம் இருக்கும் சேல்ஸ்மேன் சொல்வதும் ஏறக்குறைய இதையேதான். இரண்டு பக்கமும் ஒரே பேச்சைப் பேசினால் இடையில் நிற்கும் பிள்ளை என்ன செய்வான்? கையெழுத்துப் போடுவான். பிறகு வயிறெரிந்து கேட்டால், “நீதானே கையெழுத்துப் போட்டே, படிச்சுப் பார்த்திருக்க வேண்டாமா?” என்பார்கள்.

இந்தப் புத்திமதியை நான் அடியோடு மறுக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் இதை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அதனாலேயே எதிர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. டீலர் மாட்டியிருக்கும் அலாரம் வாங்குபவரின் பாதுகாப்புக்காக வந்ததல்ல. டீலர் தன் சரக்கைத் தன் இடத்தில் காப்பதற்காகச் செய்த செலவு அது. பேசி முடித்த விலைக்குமேல் இன்னொரு விலையை ஏற்றுவதற்கு அது ஒரு பெயராகப் பயன்படுகிறது.

ஒரு நடுத்தர டீலரின் திறந்தவெளியில் எந்நேரமும் நூற்றுக்கணக்கில் கார்கள் நிற்கும். இரவில் திருடர்கள் வருவார்கள். அதனால் டீலர் ஓர் அலாரம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். ஏலத்தில் எடுத்ததோ, பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்கியவர் விட்டுப்போனதோ, எந்தக் கார் வந்தாலும் ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, பக்கக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். கார் விற்கும்வரை அந்தப் பெட்டி டீலருக்கு உழைக்கிறது. விற்கும் நாளில் அதே பெட்டி வாங்குபவரின் பில்லில் 800 டாலர், 1,200 டாலர், சில இடங்களில் அதற்கும் மேல் என்று ஏறுகிறது. வேண்டாம் என்று ஒருவர் உறுதியாக நின்றுவிட்டால், பல இடங்களில் அதைக் கழற்றக்கூட மாட்டார்கள். அவர் பெயரில் இயக்கிவைக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள்.

கழற்ற முடியாது என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. டீலருக்கு அந்தப் பெட்டி அருமையானது என்றால் கழற்றி அடுத்த காரில் மாட்டிக்கொள்ளட்டும். வேலை வைக்கும் என்றால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நாம் கேட்பது பில்லில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும். அதை அடிக்க ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பேனா போதும். ஒயர் எங்கே ஓடுகிறது என்பதைப் பற்றிப் பேச்சைத் திருப்புவது, விலையைப் பற்றிய பேச்சு வராமல் இருப்பதற்காகத்தான்.

“எந்த வியாபாரியும் தன் செலவை வாடிக்கையாளரிடம்தானே எடுப்பான்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். நகைக்கடைக்காரர் வாசலில் நிற்கும் காவலாளியின் சம்பளத்தை நம்மிடமிருந்துதான் எடுக்கிறார். ஆனால் சங்கிலியின் விலையைப் பேசி, ஒப்புக்கொண்டு, பணத்தை எண்ணும்போது “காவலாளி சம்பளம் தனி, இதுவரை இந்தச் சங்கிலியைக் காத்தார் அல்லவா” என்று ஒரு சீட்டை நீட்டுவதில்லை. நீட்டினால் அந்தக் கடையில் யாரும் உட்கார மாட்டார்கள். டீலருக்கும் அதே நியாயம்தான். அலாரம் செலவு உண்மையான செலவு என்றால், விளம்பரத்தில் போடும் விலையிலேயே அதைச் சேர்க்கட்டும். சேர்க்க மாட்டார். சேர்த்தால் இணையத்தில் விலை வாரியாகத் தேடுபவரின் கண்ணுக்கு அவருடைய கார் பக்கத்து டீலரின் காரைவிட ஆயிரம் டாலர் அதிகமாகத் தெரியும். குறைந்த விலை காட்டி வரவழைத்து, வந்தபின் கூட்டுவதற்குத்தான் அந்த வரி தனியாக நிற்கிறது. உண்மையான விலையைப் போட்ட பக்கத்து டீலருக்கும் இதில் அநியாயம் நடக்கிறது. அவருடைய வாடிக்கையாளரை இவர் பொய் விலை காட்டி இழுத்துக்கொண்டார்.

புதுக் காரில் இந்த வித்தை ஓரளவு வெளியே தெரியும். 1958இல் வந்த சட்டத்தின்படி உற்பத்தியாளரின் விலைப்பட்டியல் ஜன்னலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். டீலர் சேர்த்தவை அதன் பக்கத்தில் இன்னொரு தாளில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய காருக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. மத்திய அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விதிப்படி ஜன்னலில் தொங்கும் ‘பையர்ஸ் கைடு’ தாள், வாரண்டி உண்டா இல்லையா என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. ஆகவே பழைய கார் வாங்குபவருக்கு விளம்பரத்தில் இருந்த ஒரு எண்ணைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அந்த எண்ணையும் பொய்யாக்கிவிட்டால் அவர் எதை வைத்துப் பேரம் பேசுவார்?

‘மாசத்துக்கு இருபது டாலர்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கார் விலை பேசுவது வெளியே, ஒரு மேசையில். கையெழுத்து நடப்பது உள்ளே, பைனான்ஸ் அறையில். டெஸ்ட் டிரைவ், பேரம், காத்திருப்பு என்று பாதி நாள் போனபின், பசியோடும் களைப்போடும் அந்த அறைக்குள் போகிறோம். அங்கே மொத்தத் தொகையைப் பற்றிப் பேச்சே இருக்காது. மாதத் தவணை மட்டும்தான். 1,200 டாலர் அலாரத்தை 12 சதவீத வட்டியில் 72 மாதக் கடனில் சேர்த்தால் மாதம் 23 டாலர் 46 சென்ட் வரும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆறு வருடத்தில் கட்டி முடிக்கும் தொகை 1,689 டாலர். விற்பனை வரியை இதில் நான் சேர்க்கவில்லை. கிரெடிட் ஸ்கோர் இல்லாத புது ஆளுக்கு 12 சதவீதம் என்பது நல்ல வட்டி. அதைவிட மோசமாகவும் கிடைக்கும். கடன் தொகை பெருகினால் கடனை ஏற்பாடு செய்வதற்காக டீலருக்குக் கிடைக்கும் பங்கும் பெருகும். ஆக, தன் இடத்தைக் காத்த பெட்டிக்கு ஒருமுறை பணம் வாங்கி, அந்தப் பணத்துக்கு வட்டியிலும் பங்கு எடுக்க வழி இருக்கிறது.

சில இடங்களில் “கடன் கொடுக்கும் பேங்க் அலாரம் இருக்கணும்னு சொல்லுது” என்பார்கள். அப்படி உண்மையாகவே கடனுக்கு அது நிபந்தனை என்றால், 1968ஆம் வருடத்துக் கடன் வெளிப்படைச் சட்டப்படி அந்தத் தொகையைக் கடன் செலவில் சேர்த்து, வட்டி விகிதத்திலேயே காட்ட வேண்டும். தாளில் அப்படிக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் ஒன்று, பேங்க் கேட்கவில்லை. அல்லது சட்டத்தை மீறியிருக்கிறார்கள். மூன்றாவது வழி இல்லை.

சரி, பணத்தை விடுவோம், பாதுகாப்புக்கு நல்லதுதானே என்கிறார்கள். இந்த வாதத்தைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் புதிதாக வந்த ஊரில் பயந்திருக்கும் பிள்ளையிடம் பயத்தைக் காட்டித்தான் இந்தப் பெட்டி விற்கப்படுகிறது. கார் திருட்டு பொய்யல்ல. 2023இல் அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் திருடுபோயின. 2024இல் அது ஏறக்குறைய 8.5 லட்சமாகக் குறைந்தது. ஆனால் திருட்டைத் தடுப்பது எது என்பது பல காலமாக அளந்து பார்க்கப்பட்ட விஷயம்.

கத்துகிற அலாரம் தடுப்பதில்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் இழப்புத் தரவுகளை ஆராயும் ‘ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிட்யூட்’ 1997இல் 7 கோடியே 30 லட்சம் வாகனங்களின் கணக்கைப் பார்த்து, அலாரம் இருக்கும் கார்களில் திருட்டு இழப்பு மொத்தத்தில் குறையவில்லை என்று சொன்னது. காரணம் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். லாரி போனாலும் கத்தும், இடி இடித்தாலும் கத்தும், பூனை ஏறினாலும் கத்தும். ஆகவே கத்தும்போது யாரும் ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. 2003இல் நியூயார்க்கில் ‘டிரான்ஸ்போர்டேஷன் ஆல்டர்னேட்டிவ்ஸ்’ என்ற அமைப்பு, கார் அலாரங்களையே தடை செய்யக் கோரி ஓர் அறிக்கை வெளியிட்டது. தூக்கம் கெடுவதைத் தவிர வேறு பலனில்லை என்பதுதான் அதன் வாதம்.

தடுப்பது இம்மொபிலைசர். சரியான சாவி இல்லாமல் இஞ்சினைக் கிளம்பவிடாத மின்னணுப் பூட்டு அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1986 கார்வெட்டில் சாவிக்குள் ஒரு ரெசிஸ்டரை வைத்துத் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் சாவியின் தலைக்குள் சிறு சிப் வந்தது. காரின் கணினி அந்தச் சிப்பை அடையாளம் கண்டால்தான் இஞ்சின் உயிர்பெறும். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001இல், கனடா 2007இல். நெதர்லாந்தின் தரவுகளை வைத்து யான் வான் அவுர்ஸ், பென் வோலார்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, இந்தக் கட்டாயத்தால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்தது என்று கண்டது. சத்தமே இல்லாத ஒரு சிப் செய்த வேலை இது. அமெரிக்கா இதைச் சட்டமாக்கவில்லை; ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே வைத்துவிட்டன. 2015ஆம் வருட மாடல்களில், ஹூண்டாய், கியா தவிர மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் அது தொழிற்சாலையிலேயே இருந்தது. அதாவது, இன்று டீலரிடம் நிற்கும் பழைய ஹோண்டாவிலோ டொயோட்டாவிலோ வேலை செய்யும் பூட்டு பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன் விலையைக் காரின் விலையிலேயே கொடுத்தாகிவிட்டது.

மீதி இருப்பது ஹூண்டாய், கியா. அதே 2015 மாடல்களில் இந்த இரண்டு நிறுவனங்களின் கார்களில் 26 சதவீதத்தில்தான் இம்மொபிலைசர் இருந்தது. அதன் விளைவை உலகமே பார்த்தது. ஸ்டீரிங் உறையைப் பிய்த்து, ஒரு யுஎஸ்பி முனையை வைத்துத் திருகி ஓட்டிப்போகும் வீடியோக்கள் 2022இல் டிக்டாக்கில் பரவின. பள்ளிப் பிள்ளைகள்கூடக் கார் திருடினார்கள், உயிர்களும் போயின. இதற்கு மருந்து என்னவாக வந்தது? 2023 பிப்ரவரியில் இரண்டு நிறுவனங்களும் 83 லட்சம் கார்களுக்கு ஒரு மென்பொருள் மாற்றத்தை அறிவித்தன. ரிமோட்டில் பூட்டினால் இஞ்சின் கிளம்பாதபடி செய்யும் மாற்றம். அதற்கு வாங்கிய விலை பூஜ்யம். அலாரம் ஒலிக்கும் நேரத்தையும் அது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாக நீட்டியது என்பது உண்மை. ஆனால் திருடனை நிறுத்துவது கிளம்பாத இஞ்சின்தான். மாற்றம் செய்த கார்களில் திருட்டுக் கோரிக்கைகள், செய்யாத கார்களைவிட 53 சதவீதம் குறைவாக இருந்ததாக அதே காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2024இல் சொன்னது. பல ஊர்களில் போலீஸாரே ஸ்டீரிங் பூட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள்.

ஆகவே, பழைய ஹூண்டாயோ கியாவோ வாங்கும் பிள்ளைக்கு ஒரு மூத்தவர் சொல்ல வேண்டியது இதுதான்: அந்த மென்பொருள் மாற்றம் முடிந்துவிட்டதா என்று காரின் அடையாள எண்ணை (விஐஎன்) வைத்துப் பார், முடியவில்லை என்றால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் இலவசமாகச் செய்துகொள், கூடவே சில பத்து டாலருக்கு ஒரு ஸ்டீரிங் பூட்டு வாங்கு. ஆயிரத்து இருநூறு டாலர் அலாரம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

அது வராமல் இருப்பது மட்டுமல்ல, கெடுதலும் செய்யும். டீலரின் இடத்தில் அவசரமாகப் பொருத்தும் இந்தப் பெட்டிகள் காரின் இக்னிஷன் ஒயரை வெட்டியோ கவ்வியோ இணைக்கப்படுகின்றன. ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு ரிலே இருக்கும். அந்த ரிலே பழுதானால் ஒரு நாள் காலையில் கார் கிளம்பாது. இணைப்பு சரியில்லை என்றால் பேட்டரி இரவோடு இரவாக வடிந்துபோகும். மெக்கானிக் பேட்டரியைப் பார்ப்பார், ஸ்டார்ட்டரைப் பார்ப்பார், சாவியைப் பார்ப்பார். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு வேற்றுப் பெட்டி இருப்பது கடைசியில்தான் கண்ணில் படும். அதுவரை அவர் செலவழித்த நேரத்துக்கெல்லாம் கூலி உண்டு. வாரண்டி மிச்சம் இருக்கும் காராக இருந்தாலும், வேறொருவர் பொருத்திய சாமானால் வந்த பழுதுக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

ஏழைகளுக்குக் கார் விற்று, தவணையையும் தாங்களே வாங்கிக்கொள்ளும் கடைகளில் இதே போன்ற பெட்டிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தவணை தவறினால் கார் கிளம்பாமல் தடுப்பது. கலிஃபோர்னியாவில் 2013 முதல் இதற்கு எழுத்துபூர்வ அறிவிப்பும் முன்னெச்சரிக்கையும் கட்டாயம் என்று சட்டமே போட வேண்டியிருந்தது. ஸ்டார்ட்டரை நிறுத்தும் பெட்டி யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்று கேட்காமல் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டக் கூடாது.

காப்பீட்டில் தள்ளுபடி கிடைக்கும் என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு சமாதானம். தள்ளுபடி இருந்தாலும் அது காப்பீட்டுக் கட்டணத்தில் திருட்டு, தீ, கல்லடி இவற்றுக்கான சிறு பகுதிக்குத்தான். விபத்துப் பொறுப்புக்கான பெரிய பகுதிக்கு அல்ல. தொழிற்சாலை இம்மொபிலைசருக்கே பெரும்பாலும் அது கிடைத்துவிடும். கார் திருடுபோனால் 5,000 டாலர் தருவோம் என்ற உத்தரவாதமும் இப்படித்தான். அலாரத்தோடு சேர்த்து விற்கும் அந்தக் காகிதத்தின் நிபந்தனைகளைப் படித்தால், எப்போது தர மாட்டோம் என்பதுதான் நீளமாக இருக்கும்.

இனி, “கையெழுத்துப் போட்டாயே” என்ற பேச்சுக்கு வருகிறேன். இதுதான் என்னை மிகவும் வருத்துவது. ஏமாற்றியவரை விட்டுவிட்டு ஏமாந்தவரைக் குற்றவாளி ஆக்கும் பேச்சு இது. கவனமாகப் படித்தால் தப்பிக்கலாம் என்றால், படிக்கத் தெரிந்த எல்லோரும் ஒரே விலை கொடுத்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. இயன் ஏர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோ பகுதி டீலர்களிடம் ஒரே மாதிரிப் பேசப் பயிற்சி கொடுத்து ஆட்களை அனுப்பினார். 1991இல் வெளியான அந்த ஆய்வில், ஒரே மாதிரிக் காருக்கு, ஒரே மாதிரிப் பேரத்துக்கு, வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலை குறைவாகவும் கறுப்பர்களுக்கும் பெண்களுக்கும் சொன்ன விலை அதிகமாகவும் இருந்தது. அது புதுக் காரின் விலை. அதற்காவது உற்பத்தியாளர் போட்ட ஒரு விலைப்பட்டியல் கண்முன் இருந்தது. அலாரம் போல டீலர் மேலே சேர்த்து விற்கும் ‘ஆட்-ஆன்’களுக்கு அதுவும் கிடையாது. தேசிய நுகர்வோர் சட்ட மையம் 2017இல் 18 லட்சம் கார் விற்பனைகளின் தரவை ஆராய்ந்து, ஒரே டீலர், ஒரே ஆட்-ஆனை, வேறுவேறு ஆட்களுக்கு வேறுவேறு விலையில் விற்றதைக் காட்டியது. ஆளைப் பார்த்துப் போடும் விலை. தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசுகிற, கிரெடிட் இல்லாத, திங்கட்கிழமை வேலைக்குப் போகக் கார் இல்லாமல் முடியாது என்கிற ஒரு முகத்தைப் பார்த்து அவர்கள் என்ன விலை போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

2022 ஏப்ரலில் நேப்பிள்டன் என்ற டீலர் குழுமம் 1 கோடி டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. ஃபெடரல் டிரேட் கமிஷனும் இல்லினாய் மாநிலமும் கொண்டுவந்த வழக்கு. வேண்டாம் என்று சொன்னவர்களின் பில்லில்கூட ஆட்-ஆன்களைச் சேர்த்தார்கள், கறுப்பின வாடிக்கையாளர்களிடம் ஒரே மாதிரி ஆட்-ஆனுக்கு ஏறக்குறைய 99 டாலர் அதிகம் வாங்கினார்கள் என்பது புகார். புகாரில் எடுத்துக்காட்டிய ஒரு கருத்துக்கணிப்பில், வாங்கியவர்களில் 83 சதவீதம் பேருக்கு அனுமதி இல்லாமலோ ஏமாற்றியோ ஆட்-ஆன் கட்டணம் விதிக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு எண்பத்து மூன்று பேரும் படிக்கத் தெரியாதவர்களா? எல்லோருமே கவனக்குறைவானவர்களா? ஒரு படிக்கட்டில் ஏறுகிற பெரும்பாலோர் விழுந்தால் அந்தப் படிக்கட்டை இடித்துக் கட்டச் சொல்ல வேண்டும்.

அப்படிக் கட்டச் சொல்லி ஒரு முயற்சி நடந்தது. 2023 டிசம்பரில் கமிஷன் ஒரு விதியை வெளியிட்டது. கார்களின் முழு விலையையும் முன்னதாகவே சொல்ல வேண்டும். ஆட்-ஆன்கள் கட்டாயமல்ல என்பதைச் சொல்ல வேண்டும். வாங்குபவருக்குப் பயனில்லாத ஆட்-ஆனுக்குப் பணம் வாங்கக் கூடாது. எந்தக் கட்டணத்துக்கும் தெளிவான சம்மதம் வேண்டும். அவ்வளவுதான். இதனால் மக்களுக்கு வருடத்துக்கு 340 கோடி டாலரும் 7 கோடியே 20 லட்சம் மணி நேரமும் மிச்சமாகும் என்று கமிஷன் கணக்கிட்டது. தேசிய டீலர்கள் சங்கமும் டெக்சாஸ் டீலர்கள் சங்கமும் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஜனவரி 27 அன்று ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விதியை ரத்து செய்தது. விதி தவறு என்று அல்ல. அதைக் கொண்டுவருமுன் கொடுக்க வேண்டிய ஒரு முன்னறிவிப்பைக் கமிஷன் கொடுக்கவில்லை என்று. அலாரம் வாங்குபவரின் நன்மைக்குத்தான் என்றால், ‘பயனில்லாததற்குப் பணம் வாங்காதே’ என்ற ஒரு வரி இருந்த விதியை எதிர்த்து அந்த வியாபாரத்தின் சங்கங்கள் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

கலிஃபோர்னியா தனியாக நடந்திருக்கிறது. அங்கே 2006 முதலே, கையெழுத்துக்கு முன் ஆட்-ஆன்களின் விலையையும், அவை இருந்தால் எவ்வளவு தவணை, இல்லாவிட்டால் எவ்வளவு தவணை என்பதையும் தனித்தாளில் காட்ட வேண்டும். திருட்டுத் தடுப்புக் கருவியைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கமிஷனின் விதி விழுந்தபின், அதன் சாரத்தை எடுத்து 2025 அக்டோபரில் அந்த மாநிலம் புதுச் சட்டம் இயற்றியது. பயனில்லாத ஆட்-ஆனுக்குக் கட்டணம் கூடாது என்பது அதில் இருக்கிறது. 50,000 டாலருக்கு மிகாத பழைய காரை மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் இருக்கிறது. நடைமுறைக்கு வரும் நாள் 2026 அக்டோபர் 1. மற்ற மாநிலங்களில் நம் பிள்ளைகள் பலர், எந்தக் காரையும் மூன்று நாளில் திருப்பலாம் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். டீலரின் இடத்தில் வாங்கிய காருக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் கிடையாது. டல்லஸ் பக்கம் ஃபிரிஸ்கோவிலோ இர்விங்கிலோ வாங்குகிற பிள்ளைக்குக் கையெழுத்துக்கு முந்தைய நிமிடம்தான் கடைசி நிமிடம்.

அதனால்தான் ‘மல்லுக்கட்டாதே’ என்ற சொல்லை நிறுத்தச் சொல்கிறேன். வீட்டிலிருந்து கிளம்புமுன், வரியும் பதிவுக் கட்டணமும் உட்பட வாசலைத் தாண்டும் மொத்த விலையை மின்னஞ்சலில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அதில் ஆட்-ஆன் எதுவும் இல்லை என்ற வாக்கியம் இருக்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் டீலரிடம் போகவே வேண்டாம். கடனை முடிந்தால் முதலிலேயே ஒரு கிரெடிட் யூனியனில் பேசி வைக்கட்டும். முடிந்தால் நீங்களும் கூடப் போய் அந்தப் பைனான்ஸ் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். மாதத் தவணை என்று ஆரம்பித்தால் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். அலாரம் வரியை அடிக்கச் சொல்லுங்கள். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று எழுந்து போவார், திரும்பி வருவார், பாதியாகக் குறைத்துவிட்டேன் என்பார். பாதியும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகும் அடிக்கவில்லை என்றால், டவுன் பேமெண்ட் காசோலையை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வெளியே வாருங்கள். அந்தக் காரைப் போல இன்னொரு கார் அதே சாலையில் அடுத்த டீலரிடம் நிற்கும்.